தீபாவளி வராத தெரு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் திருச்சபையிலிருந்து வருஷத்துக்கு மூன்று நான்கு பேரை வெளிநாட்டுக்கு மூன்று மாத ஊழியப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். என் தோழிகளுக்குத் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் கிடைத்தன. தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னைத் தஞ்சாவூர்ச் சீமைக்குத் தள்ளிவிட்டார்கள். விமானம் ஏறும்வரை அந்தக் கடுப்பு எனக்கு இருந்தது.

வந்த பிறகு ஊர் பிடித்துவிட்டது. ஒரு சின்னத் தேவாலயத்தின் பின்னால் ஓர் அறை, ஒரு சைக்கிள், பேட்டரியில் ஓடும் பெரிய டேப் ரிக்கார்டர் ஒன்று. இவ்வளவுதான் என் சொத்து. சுற்றியிருந்த தெருக்களுக்குப் போய் மத்தியானத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து, வேதாகமக் கதை கேசட்டைப் போட்டுக் காட்டி, முடிந்ததும் ஒரு ஜெபம் பண்ணுவது என் வேலை. உள்ளூர் ஊழியக்கார அம்மா ஒருவர் துணைக்கு வருவார். என் தமிழ்தான் அந்தப் பெண்களுக்குப் பெரிய வேடிக்கை. "பசியாறிட்டீங்களா?" என்று எங்கள் ஊர் வழக்கில் நான் கேட்டால் போதும், "டீச்சர் நாகூர் கடைக்காரவங்க மாதிரியே பேசுறாங்கடி" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தத் தெருக்களில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். வாய்க்காலை ஒட்டி இருபது வீடு இருக்கும். எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள். முன்பு கூலிக்கு நடவு நட்டவர்கள். இப்போது வீட்டுக்கு ஓர் ஆண் அரபு நாட்டில். ஓலைக்கூரைக்கு நடுவே அங்கங்கே புதிதாகத் தளம் போட்ட வீடு முளைத்திருந்தது. கடைசி வீட்டில் இருந்த அக்காவிடம் எனக்கு ஒட்டுதல் அதிகம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் சவுதியில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பொங்கலுக்கு வருகிறார் என்று என்னிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

தீபாவளி சமயத்தில் ஊழியக்கார அம்மா, மகள் பிரசவத்துக்காக வெளியூர் போய்விட்டார். நான் தனியாகத்தான் சுற்றினேன். தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் அந்தத் தெருவுக்குப் போனபோது உள்ளே நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மழை விட்டு வெறித்திருந்தது. நட்ட வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. பட்டப்பகல். ஆனால் தெருவில் ரேடியோச் சத்தம் இல்லை, பிள்ளைகள் கத்தல் இல்லை. தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. மற்ற தெருக்களில் சேற்றில் ஊறிக் கிடந்த பட்டாசுக் காகிதம் இங்கே ஒரு துண்டுகூட இல்லை. கதைக்குக் கூப்பிட்டேன். வாசலில் நின்ற பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள்.

கடைசி வீட்டு அக்கா மட்டும் புதுச் சேலையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய தலையைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணப் பெண்போல அவ்வளவு பூ. மல்லிகை ஒரு பக்கம், கனகாம்பரம் ஒரு பக்கம், கழுத்தே சாய்ந்துவிடும்போல.

"எல்லாரும் வச்சுவுடுறாங்க டீச்சர். ஓரகத்தி ஒரு மொழம், சின்ன மாமியார் ஒரு மொழம். அவங்க யாரும் வச்சிக்கல. தீவாளிக்கு மத்தாப்பு கொளுத்துனது நானும் பாப்பாவும் மட்டுந்தான். நாங்க கொளுத்துறப்ப தெருவே நின்னு பாத்துச்சு. ஒருத்தரும் கிட்ட வரல."

இதை அவர் சொன்ன தொனி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அந்தச் சாயங்காலமே அவருடைய ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, பூப்பொட்டலத்தோடு வருவதைப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து சிடுக்கெடுத்து, பின்னி, பூவைச் சுற்றினார். சுற்றி முடித்ததும் அந்தப் பின்னலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார்.

என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? புறப்படும் முன்பு எங்களுக்கு இரண்டு வார வகுப்பு நடத்தியிருந்தார்கள். ஓர் இடத்தில் காரணம் தெரியாத இறுக்கம் இருந்தால் அங்கே இருளின் ஆதிக்கம் இருக்கும், நடந்துகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே நான் தினமும் மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் முன்னும் பின்னும் நடந்து, வாய்க்குள்ளேயே அசுத்த ஆவிகளைக் கடிந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் கண்கள் என்னைப் பார்ப்பது தெரியும். அதுவே எனக்கு அத்தாட்சி ஆகிவிட்டது. எங்கள் சபைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில், 'இந்தத் தெருவை ஒரு பயங்கரமான சக்தி பிடித்திருக்கிறது' என்று எழுதியும் வைத்துவிட்டேன். இன்று நினைத்தால் மானம் போகிறது.

இப்படி இரண்டு வாரம் போனது. ஒருநாள் அந்த அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கேசட். கணவரோடு தங்கியிருந்த முத்துப்பேட்டைக்காரர் விடுமுறையில் ஊருக்கு வந்தவர், சோப்பும் தைலமும் இந்தக் கேசட்டும் பஸ்ஸில் ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். கடிதம் எழுத வராத ஆண்கள் அப்போதெல்லாம் பேசிப் பதிந்து அனுப்புவார்கள்.

"எங்க தெருவுல அஞ்சு வூட்டுல செட்டு இருக்கு டீச்சர். ஒரு வூட்டுல பெல்ட்டு அறுந்துபோச்சாம். ஒரு வூட்டுல ஒயர எலி கடிச்சிருச்சாம். அஞ்சும் ஒரே நேரத்துல கெட்டுப்போச்சு." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "நாளைக்கு ஒங்க செட்ட எடுத்துட்டு வாங்க. வூட்டுக்குள்ள வேணாம். வாசல்ல வைங்க. நல்லா சத்தமா வைங்க."

மறுநாள் மூன்று மணிக்கு டேப்பை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். தெரு முனையிலேயே ஓரகத்தி ஓடி வந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம் டீச்சர். செட்டு ரிப்பேருன்னு சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஏன் வேணாம்? காரணம் சொல்லுங்க."

சொல்லவில்லை. ஹேண்டில் பாரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் பிறவியிலேயே முன்கோபி. புருஷன் குரலைக் கேட்கக்கூட ஒரு பெண்ணுக்கு இந்தத் தெருவில் உரிமை இல்லையா, என்ன பொறாமை இது என்று தலைக்கு ஏறிவிட்டது. கையை உதறிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவருடைய விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தது இப்போதும் என் கைக்குத் தெரியும்.

அக்கா வாசலில் கோலம் போட்டிருந்தார். பாய் விரித்திருந்தார். நான் டேப்பை முக்காலியில் வைத்தபோது, பதினைந்து நாளாகக் கூப்பிட்டும் வராத பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அரைவட்டமாகச் சற்றுத் தள்ளி நின்றார்கள். அக்கா டேப்புக்கு முதுகைக் காட்டி, அந்தப் பெண்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எனக்கு அது வினோதமாகப் பட்டது. பொத்தானை அழுத்தினேன்.

முதலில் மின்விசிறிச் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு ஓர் ஆண் குரல், காதருகே பேசுவதுபோல.

"நாந்தான். சாப்ட்டியா?"

கொஞ்சம் இடைவெளி. அக்கா தலையைத் திருப்பாமல் பதில் சொன்னார். "சாப்ட்டேன்."

"பாப்பா தூங்குதா?"

"இல்ல. முழிச்சிட்டுத்தான் இருக்கு."

அந்த மனிதர் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசியிருந்தார். அக்கா அந்த இடைவெளிக்குள் சரியாகப் பதில் வைத்தார். பழக்கம் போலிருக்கிறது. ஆனால் கேட்கக் கேட்க, அந்தப் பாயில் ஆள் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருந்தது. சாப்பாடு பற்றி, வெயில் பற்றி, பொங்கலுக்கு வாங்கி வைத்திருக்கும் சேலையின் கலர் பற்றிப் பேசினார். நின்ற பெண்களில் ஒருவர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். இன்னொருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அவர்களைப் பார்ப்பதா, டேப்பைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தேன்.

"அண்ணி, பக்கத்துலதான நிக்கிறீங்க? எனக்குத் தெரியும். கேசட்டுன்னா மொத ஆளா வந்துருவீங்க."

ஓரகத்தி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் இப்ப அழுவுறீங்க? யாரும் அழுவாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்கேன்."

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. யாரும் சொல்லவில்லை. அந்த முகங்களைப் பார்த்தே புரிந்துவிட்டது. கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நிறுத்தாதீங்க டீச்சர்."

குழந்தைக்கு ஒரு முத்தம் வந்தது. "டேப்பு முடியப்போவுது. நீ அமத்தாத. நானே அமத்துறேன்" என்று குரல் சொன்னது. க்ளிக். பிறகு வெறும் இரைச்சல். வயலில் ஒரு கொக்கு எழும்பிய சத்தம்கூடக் கேட்டது.

அக்கா எழுந்து போய், சேற்றில் கிடந்த ஓரகத்தியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்ன ஆச்சு என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"என்னிக்கு அக்கா?" என்றார்.

"தீவாளிக்கு ரெண்டு நாள் முந்தி." அவ்வளவுதான் ஓரகத்தியால் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து எழும்பியதைப் போன்ற ஓர் அழுகையை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாக இருபது வீடு தொண்டைக்குள் அடக்கி வைத்திருந்த அழுகை. வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜெபம் பண்ணவே கடல் தாண்டி வந்தவள்போல் பேசிக்கொண்டிருந்த நான் அன்று ஜெபம் பண்ணவில்லை. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. அக்காவின் கணவர் சாரம் சரிந்து விழுந்திருக்கிறார். கேசட் அதற்கு முன்பே பதிந்தது; தன் குரலைக் கேட்டால் வீட்டில் அழுவார்கள் என்று தெரிந்துதான் 'அழுவாதீங்க' என்று சொல்லியிருக்கிறார். டெலிபோன் பூத்துக்கு வந்த செய்தியை அண்ணன் வாங்கியிருக்கிறார். உடல் வந்து சேர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். பெட்டி வரும்வரை மனைவிக்குச் சொல்லக்கூடாது என்று தெருவே கூடி முடிவு செய்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் அப்படித்தானாம். சொல்லிவிட்டால் பார்க்க முகமும் இல்லாமல், காரியம் செய்யவும் முடியாமல் அந்தப் பெண் எப்படி நாளைத் தள்ளுவாள் என்ற இரக்கம். பங்காளிகளுக்குத் தீட்டு வந்துவிட்டதால் அவர்களுக்குத் தீபாவளி இல்லை. அவளுக்கு மட்டும் தெரியாததால் அவளுக்கு உண்டு. இனி வைக்கவே முடியாத பூவை, வைக்க முடிகிற நாள்வரை அள்ளி அள்ளி வைத்துவிட்டிருக்கிறார்கள். அந்த அன்பைத்தான் நான் அசுத்த ஆவி என்று நினைத்துக் கடிந்துகொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா தலையில் பூ இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்தார். என் பேச்சு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"நீங்க ஏன் டீச்சர் அழுவுறீங்க? தீவாளியன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பூ வச்சுவுடும்போது எங்க ஓரகத்தி அக்கா கை நடுங்குச்சு. யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுவாங்கன்னு தெனமும் தலையக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒருத்தரும் சொல்லல. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அவங்களும் தாங்க மாட்டாங்க. அவரு கொரலக் கேட்டா யாரும் மறைக்க முடியாதுல்ல. அவங்க மொகத்தப் பாக்கத்தான் சத்தமா வைக்கச் சொன்னேன்."

மலேசியா வந்ததும் அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். சபையில் ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். மேடையேறி, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன். போதகருக்கு வருத்தம்தான்.

பல வருஷம் கழித்து என் அப்பா ஆஸ்பத்திரியில் தவறியபோது, அம்மாவிடம் உடனே சொல்லாதே, 'சீரியஸ்' என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வா என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்த அம்மா ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை நான் முன்பே ஒரு வாசலில் பார்த்திருந்ததால், செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அங்கேயே சொல்லிவிட்டேன்.