மூன்று பிடித் தவிடு

டாக்டரம்மா வைத்திருந்த கேள்வித் தாள் இன்றும் என் கண்முன் நிற்கிறது. நீளமான வெள்ளைத் தாள், அச்சடித்த கோடுகள், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பதில் எழுத ஒரு சின்னக் கட்டம். முதல் கேள்வி, இது உன் பிள்ளையா? அதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியாது என்று டாக்டரம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னால் பொய். எங்கள் ஜனங்களில் சில தாய்மாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே போய்க் கேட்டேன், அதுவும் நல்ல கணீரென்ற குரலில்.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. எனக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வீடு, அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ் என் நாக்கில் விளையாடும். அந்தத் திமிர் நடையிலேயே தெரிகிறது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். டாக்டரம்மா சீமையிலிருந்து வந்தவர். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று ஒவ்வொரு இனத்துத் தாயும் பிள்ளையை எப்படி வளர்க்கிறாள் என்று விசாரித்துப் புத்தகம் எழுதுவது அவர் வேலை. தமிழ்த் தோட்டங்களில் அவருக்கு மொழிபெயர்க்க நான். முதல் நாளே ஒரு கட்டளை போட்டார். அவர்கள் சொல்வதை மட்டும் சொல், கூட்டாதே, குறைக்காதே, உன் கருத்து எனக்கு வேண்டாம். நேர்மையான கட்டளை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவரும் நேர்மையான மனுஷிதான், அதனால்தான் அவரோடு சண்டை போடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

கிள்ளானைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டம். விசாரணை நடந்தது தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில். ஒரு மேஜை, மூன்று நாற்காலி. ஒன்றில் டாக்டரம்மா, ஒன்றில் நான், மூன்றாவதில் பேர் போடுகிற கிராணி. யார் வேலைக்கு வந்தாள், யார் வரவில்லை என்று தினமும் எழுதுகிற அதே ஆள், அதே பேனா. விடிவதற்கு முன்பே எழுந்து மரம் சீவி, ரப்பர்ப் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, காலில் சேறும் வயிற்றில் பசியுமாக வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த ஆள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் மனசு விட்டுப் பேசுவாள்? ஆமாங்க, இல்லீங்க, தெரியாதுங்க, இவ்வளவுதான் வந்தது. டாக்டரம்மா அத்தனையையும் கட்டத்துக்குள் அழகாக எழுதிக்கொண்டார். தமிழ்த் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை போலிருக்கிறது என்று என்னிடம் சொல்லவும் செய்தார். மூன்றாவது நாற்காலியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அந்த வரிசையில் வந்தவள்தான் தவிடனின் அம்மா. என் வயசுதான் இருக்கும். இடுப்பில் ஒன்றரை வயசுப் பையன். ஆண் பிள்ளைக்கு மூக்கில் ஒரு சின்னப் பித்தளை வளையம், கன்னத்தில் காசு அகலத்துக்கு மைப்பொட்டு. பேர் தவிடன் என்றாள். முதல் கேள்வியைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உனக்குத் தெரியாததா, எதற்கு என்னைக் கேட்கிறாய் என்கிற சிரிப்பு.

"என் புள்ள இல்லக்கா. மூணு பிடி தவிட்டுக்கு வித்துட்டேன், பக்கத்து வீட்டு அக்காகிட்ட."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போனால், அதற்குப் பின் பிறக்கிற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி விலைக்கு வாங்குவாள். விலை, முறத்தில் மூன்று பிடித் தவிடு. வாங்கிய கையோடு, எனக்காக வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அன்றிலிருந்து பெற்றவள் தன் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக்கூடாது. சொன்னால், முன்னே பிறந்தவற்றைக் கொண்டுபோனது இதையும் தேடி வந்துவிடும். இவளுக்கு இரண்டு போயிருந்தன. கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் மூன்று பிடி கொடுத்து இவனை வாங்கியவள், இரண்டு ஆள் தள்ளி அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

நான் அவள் சொன்னதை மட்டும் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி கேள் என்றார். கேட்டேன், அதே பதில். மூன்றாவது முறையும் கேட்கச் சொன்னார். முன்னைவிட அழுத்தமாக அதே பதில் வந்தது. மூன்று முறை கேட்டு மூன்று முறையும் ஒரே பதில் வந்தால் அது உண்மை, டாக்டரம்மாவின் முறை அப்படி. முப்பது முறை கேட்டிருந்தாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள், பிள்ளையின் உயிரே அந்தப் பதிலில் இருக்கிறது என்று நம்பியவள் வேறென்ன சொல்வாள்? டாக்டரம்மா சிவப்புப் பென்சிலை எடுத்துக் கட்டத்தின் கீழே கோடு போட்டார். நான் ஏன் விளக்கவில்லை? கட்டளை ஒரு சாக்கு. உண்மையான காரணம் வெட்கம். இந்த மாதிரி வழக்கங்களைச் சொல்லி கான்வென்ட் வகுப்பில் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தவள் நான். அந்தச் சேற்றுக்கால் கூட்டத்தோடு என்னையும் சேர்த்துவிடுவாரோ என்று பயந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா ஒரு கடிதத்தைக் காட்டினார். மேலிடத்தில் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டாராம். விற்கப்பட்ட பிள்ளையைக் கோலாலம்பூரில் ஓர் அனாதை விடுதியில் சேர்க்கப் போகிறார்கள். நல்ல பால், சுத்தமான கட்டில், பையன் பிழைத்துக்கொள்வான் என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்போதுதான் தவிட்டு வழக்கத்தை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், இப்போது சொல்வது அவளைத் தப்புவிக்கச் சொல்வது போல இருக்கிறது என்றார். நியாயமான பேச்சு. அந்த நியாயம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

டாக்டரம்மாவுக்கு ஒரே மகன், சீமையில் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவன் நல்ல சுகமாக இருக்கிறான் என்று சொல்லும்போதெல்லாம் மேஜை மரத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். நல்லதைச் சொல்லி மரத்தைத் தொட்டுவிட்டால் அது கெட்டுப்போகாது என்று அவர்கள் ஊர் வழக்கம். அது எதற்கு என்று அன்று கேட்டேன். சும்மா பழக்கம், யாரும் அதை நம்புவதில்லை என்றார். நம்பாவிட்டால் ஒரே ஒரு தடவை தட்டாமல் சொல்லுங்களேன் என்றேன். மாதச் சம்பளக்காரி பேசுகிற பேச்சா அது? என் மகன் சுகமாக என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். கை மேஜையை விட்டு நகரவில்லை. கடைசியில், அது வேறு இது வேறு என்றார். ஆனால் மறுநாள் காலை தோட்டத்துக்குக் காரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

போகிற வழியில் ஒரு நிபந்தனை விதித்தார். தாய் தன் வாயால், கிராணியின் முன்னிலையில், இது என் பிள்ளை என்று ஒரு தடவை சொன்னால் போதும், கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதே வராந்தா, அதே மூன்று நாற்காலி. பிள்ளையைக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள் என்று எப்படியோ செய்தி பரவி, வேலை முடித்து வந்த பெண்களும் ஆண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். நிபந்தனையைத் தவிடனின் அம்மாவிடம் சொன்னேன். பையனை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"சொன்னா விட்டுருவாங்களா?"

விட்டுவிடுவார்கள் என்றேன்.

"சொன்னா போயிடுமேக்கா."

சொல்லடி, வெறும் வார்த்தைதானே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. படித்தவள் அல்லவா? ஆனால் மேஜையை விட்டு நகராத அந்தக் கை ஞாபகம் வந்தது. படித்த டாக்டரால் முடியாததை இவள் மட்டும் ஏன் செய்ய வேண்டும்? நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். கூட்டத்தைப் பார்த்து, உங்களில் யார் யார் சின்னதில் தவிட்டுக்கு விற்கப்பட்டவர்கள், கையைத் தூக்குங்கள் என்றேன். தாளில் இல்லாத கேள்வி. எல்லாரும் கிராணியைப் பார்த்தார்கள். முதலில் கையைத் தூக்கியது நான்.

ஆமாம், நான்தான். எனக்கு முன்னே அம்மாவுக்கு மூன்று போயின. பக்கத்து வீட்டில் இருந்த, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனின் மனைவி என்னை வாங்கினாள். வீட்டில் எனக்குத் தவிட்டம்மாள் என்று பேர். பள்ளியில் வேறு பேர் கொடுத்துச் சேர்த்ததால் அந்தப் பேரை நான் மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தேன். என் கையைப் பார்த்து ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பின்னால் நின்ற மீசைக்காரக் கங்காணி ஒருவர், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூக்கியும் தூக்காமலும் கையைக் காட்டினார். பெண்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். கை தூக்கிய இவர்கள் எல்லாரும் விற்கப்பட்டவர்கள், எல்லாரும் பெற்றவள் வீட்டிலேயே வளர்ந்தவர்கள். நம்பாவிட்டால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஆனால் முதலில் அந்த நாற்காலியைக் காலி பண்ணச் சொல்லுங்கள். டாக்டரம்மா இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உன்னையுமா என்றார். என்னையும்தான் என்றேன். கிராணியை எழுப்பி அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கிராணி போனதும் இந்தப் பெண்களுக்கா பேச வராது என்று ஆகிவிட்டது. ஒருத்தியை வாங்கியது அத்தை முறைக்காரி, ஒருத்தியைக் குப்பை மேட்டில் போட்டு எடுத்தார்கள், ஒருத்தியின் விலை தவிடே இல்லை, பழைய சேலைத் துணி. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லவில்லை, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். பாடம் பண்ணி ஒப்பித்தால் இப்படி வராது என்று டாக்டரம்மாவே சொன்னார். கடைசியில் களைத்துப்போய், முதல் கேள்விக்கு நான் என்னதான் எழுதுவது என்று கேட்டார். அதைத் தவிடனின் அம்மாவிடம் சொன்னேன்.

"தவிட்டுக்கு வித்த புள்ளன்னே எழுதிக்கச் சொல்லுங்கக்கா. வித்தவ வீட்டுலதான் வளரும், எவன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டா. அதையும் எழுதச் சொல்லுங்க."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கட்டத்தில் இடம் போதாமல் டாக்டரம்மா தாளின் ஓரத்தில் எழுதினார். கடிதம் திரும்பிப் போனது, தவிடன் தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாவிடமே இருந்தான்.

பிரிக்பீல்ட்ஸில் என்னை இறக்கிவிடும்போது, இந்த மாதத்தோடு நின்றுகொள் என்றார். மொழிபெயர்க்க வந்தவள் தானே சாட்சியாகிவிட்டால் அவள் மொழிபெயர்ப்பை எப்படி நம்புவது? அதிலும் நியாயம் இருந்தது. நான் தலையைக் குனியவில்லை. கிராணிக்கு நாற்காலி போட்டபோது வராத சந்தேகம் எனக்கு மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டேன். அவர் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். இன்று இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பெரிய பெரிய படிப்பெல்லாம் வந்துவிட்டது. தாள்களும் நன்றாக வழவழவென்று இருக்கின்றன. கட்டம் மட்டும் அதே அளவில்தான் இருக்கிறது. மறுபடி அப்படி ஒரு தாள் என் எதிரில் வந்து, மறுபடி ஒரு பெண் அப்படி நின்றால், மறுபடியும் கையைத் தூக்குவேன். வேலை போனால் போகட்டும்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போன செய்தி அவள் காதில் விழவே இல்லை. எத்தனை பேர் முன்னால் கையைத் தூக்கினாய் என்று மட்டும் கேட்டாள். முப்பது நாற்பது பேர் இருக்கும் என்றேன். அத்தனை கண்ணுமா என்று தலையில் அடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் என்னைத் தன் மகள் என்று சொல்லாதவள் அவள். யாராவது கேட்டால் பாயிண்ட்ஸ்மேன் வீட்டுப் பொண்ணு என்பாள். என்னைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள். கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கை நிறைய அள்ளி, என் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, அடுப்பில் கொட்டினாள். நெடி அடித்தால் கண் படவில்லை என்று அர்த்தம். நெடி இல்லாவிட்டால் கண் பட்டிருந்தது, இதோடு கழிந்தது. இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்ட நான் அன்று எதிர்த்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். குப்பென்று கிளம்பிய புகையில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஊற்ற, இருமலுக்கு நடுவே அம்மா கேட்டாள்.

"பாத்தியா, கொஞ்சமாச்சும் நெடி இருக்கா?"

எனக்கு இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியதும், இல்லை என்றேன்.