மூடி கழற்றிய ஆம்ப்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மகள் ஜெஸ்லின் இன்றைக்கும் உயிரோடு பள்ளிக்குப் போகிறாள், எனக்கு அது போதும். ஆனால் இது நடந்தது. போன மே மாதம், ஆம்பூரில், என் வீட்டு ஹாலில். அதுவும் பட்டப்பகலில்.

நான் ஷூ பேக்டரியில் தரம் பார்க்கிறவன். பாட்டு என்றால் பைத்தியம். பழைய எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். கதவு உயரம் இருக்கும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதுதான் அதிர்ந்து பாடும். பாடுகிறவர் எதிரிலேயே நிற்பதுபோல் கேட்கும். புது ஆம்ப்ளிஃபையர் எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. கடைசியில் பேரணாம்பட்டில் ஹலீமா பீ என்ற அம்மாவிடம் அறுபது வருடப் பழைய, கண்ணாடிக் குழல்கள் ஒளிரும் வால்வு ஆம்ப் கிடைத்தது. கணவர் இறந்த பிறகு அதைக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார்.

மெக்கானிக் ஷோயப் சரிசெய்து கொடுத்தான்.

"ண்ணா, மூடிய மட்டும் கழட்டாதீங்க. கரண்ட் போனாலும் உள்ள ஷாக் நிக்கும். வோல்ட் ஜாஸ்தி."

எங்கள் ஊர் மே வெயில் தெரியும்தானே. ஆம்ப் அடுப்பாய்க் கொதித்தது. காற்று படட்டும் என்று மூடியைக் கழற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி பாகாயத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெஸ்லின் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மதியம் 2.40. பாட்டுக்கு நடுவே யாரோ மூச்சு விட்டார்கள். பாட்டை நிறுத்தினேன். மூச்சு நிற்கவில்லை. வால்யூமை முழுக்கக் குறைத்தேன். அப்போதும் நிற்கவில்லை...

2.46. கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. வால்வுகள் அணைந்தன. மூச்சும் நின்றது. அப்பாடா என்று தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன்.

2.51. கரண்ட் இன்னும் வரவில்லை. ஹாலில் ஒரு குரல்.

"ஜெஸ்லின்... இங்க வா கண்ணு."

அது என் குரல்.

நான் வாயே திறக்கவில்லை. சொம்பு கையிலிருந்து விழுந்தது.

"வர்றேன்ப்பா..."

தட்... தட்... தட்... குட்டிக் கால்கள் ஓடின.

"உள்ள கை வை... ஒண்ணும் ஆவாது."

ஓடினேன்.

ஆம்ப் முன்னால் மண்டி போட்டிருந்தாள்.

கை உள்ளே போனது...

கம்பியைத் தொட ஒரு விரல் இடைவெளி.

இழுத்தேன்.

அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின்வாங்கினாள்.

"அப்பா அங்க இருக்காரு... நீங்க யாரு?"

மறுநாள் ஹலீமா பீக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரு குரல்ல கூப்புட்டுது தம்பி?"

"என் குரல்லம்மா."

"எங்க வூட்டுக்காரரு மௌத்தா போன அன்னிக்கு நான் பஸ்ல இருந்தேன். போன்ல என்னாண்டதான் பேசினு இருந்தாரு. 'இரு, நீ உள்ளாற இருந்து கூப்புடுற மாதிரி கேக்குது, இன்னான்னு பாத்துட்டு வர்றேன்'னாரு..."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்புறம் போன்ல எனக்கும் கேட்டுது தம்பி. என் குரலு... 'உள்ள கை வைங்க, ஒண்ணும் ஆவாது'ன்னு."