கிரான்பர்ன் சுவரில் என் மணிக்கூடு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் அரிசி ஆலை, இரண்டு கடை, கல்யாண மண்டபம் எல்லாம் தனியாளாகக் கட்டியிருக்கிறேன். இப்போது கடல் கடந்து வந்து கிரான்பர்ன் என்ற ஊரில், மருமகன் திறக்கப்போகும் சூதாட்ட மெஷின் விடுதியில் நிற்கிறேன். லைசென்ஸ் கொடுக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி வெறுஞ்சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். ஆடுபவர்களுக்கு நேரம் தெரிய மணிக்கூடு இல்லாவிட்டால் அனுமதி இல்லையாம். மருமகனுக்கு வியர்க்கிறது.

திறப்புவிழாப் பரிசாக நான் கொண்டுவந்த மணிக்கூட்டை மாட்டுகிறேன். நடுவில் மாலையோடு என் படம். அதிகாரி சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

"மாமா, படத்தை மட்டும் கழட்டட்டோ? வாற சனம் பயந்திடும்."

"கழட்டும் தம்பி, லைசென்சையும் சேர்த்துக் கழட்டும்! இல்லாட்டி, லைசென்ஸை ஆர் எடுத்துத் தந்ததெண்டு படத்துக்குக் கீழ என்ர பேரை எழுதும்."