வேதநாயகியின் டாங்கியும் இரண்டரை நொடியும்

1998 ஜூலைக் குளிர்காலத்தில், தீவின் மேட்டு ஊரான கியூர்பிப்பில் நான்கு நாள் விடாமல் தூறியது. அந்த நான்கு நாளும் வேதநாயகியின் டாங்கி அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பக்கத்து ஊரான பீனிக்ஸில் ஏற்றுமதி ஸ்வெட்டர் பின்னும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது பெண்களுக்கு மேற்பார்வையாளர் அவள். வயது நாற்பத்திரண்டு. சனிக்கிழமை நண்பகலில் வேலை முடியும். மூன்று மணிக்குத் தொலைபேசிக் கம்பியை மோடத்தில் செருகி, இணையத்தில் டாங்கிப் போர் ஆட்டத்துக்கு இறங்கிவிடுவாள். அணிக்கு எட்டுப் பேர். அவளுடைய அணித் தலைவன் பக்கத்துத் தீவான ரெயூனியனில் தபால் ஊழியனான ஜான்-போல். எதிரணி பிரான்சில்.

அவள் பொத்தானை அழுத்தினால் இரண்டரை நொடி கழித்துத்தான் குண்டு கிளம்பும். அதற்குள் எதிரி நகர்ந்திருப்பான். ஆகவே எதிரிக்கு மூன்று டாங்கி நீளம் முன்னால் குறிவைக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் இணைப்பே அறுந்து போனால் என்ன செய்வது? இரண்டு சனிக்கிழமைகள் ஆட்ட நடுவில் அறுந்தது, இரண்டிலும் அணி தோற்றது. ஜான்-போல் எழுதியிருந்தான்: “இந்த வாரமும் பாதியில் போனால் உன் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கணும். கோபிக்காதே.”

“சேதி வானத்துல இருக்கிற செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பி வரணும், வேதா. நேரம் ஆகாதா?” என்றான் கணவன் நீலமேகம். விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றி இறக்கும் டாக்ஸிக்காரன். “இன்னிக்கு அழுத்தினா நாளைக்குச் சுடும். ஃபேக்டரியிலயும் அப்படித்தானே சம்பளம்?”

“நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு. இதை நான் பார்த்துக்கறேன்.”

ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்தால் அவள் எந்திரத்தைத் திட்டுவதில்லை. நூலை மட்டும் மாற்றி ஒரு சாண் பின்னச் சொல்வாள். சரியாகாவிட்டால் ஊசியை மாற்றுவாள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாமலே போகும்.

வீட்டிலும் அதையே செய்தாள். ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, அது திரும்பி வர ஆகும் நேரத்தை அளக்கும் வசதி கணினியிலேயே உண்டு. அதைத் தீவுக்குள் இருக்கும் இணைய நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். கிட்டத்தட்ட இரண்டு நொடி. அப்படியானால் வானத்தின் மேல் பெரிய பழியில்லை! படுக்கையறைத் தொலைபேசியைக் கழற்றினாள். மாற்றமில்லை. சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் கம்பியைப் புதிதாக வாங்கிப் போட்டாள். மாற்றமில்லை. கடைசியில் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். எண்ணெயில் வடை பொரிகிற சத்தம்.

தாமதங்களைத் தேதிவாரியாகக் குறித்த நோட்டைப் புரட்டினாள். மழை நாளில் மோசம். மழை விட்ட மறுநாளும் மோசம். நல்ல வெயில் இரண்டு நாள் அடித்த பிறகே சரி. நனைந்தால் சீக்கிரம் காயாதது எது? இருபது வருடம் அதைத்தானே பின்னிக்கொண்டிருக்கிறாள்!

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஏணி போட்டு ஏறினாள். கம்பத்திலிருந்து வரும் கம்பி கூரை விளிம்பில் வீட்டுக் கம்பியோடு சேரும் முடிச்சின் மேல் சிவப்புக் கம்பளி உறை. தொழிற்சாலைக் கழிவு நூலில் அவளே பின்னியது. தேநீர்ப் பானை, கதவுக் குமிழ், வானொலி என அவள் வீட்டில் சட்டை போடாத பொருளே கிடையாது. குளிரில் கம்பி கெட்டுவிடக் கூடாதென்று இதற்கும் ஒன்று போட்டிருந்தாள். கழற்றிப் பிழிந்தாள். கீழே ஏணியைப் பிடித்திருந்த நீலமேகத்தின் தலையில் அரை லோட்டா தண்ணீர்.

“அயோ! ஈரப் போர்வையைப் போத்திவிட்டு வானத்தையா திட்டினோம்?”

“சிரிக்காதே, ஏணி ஆடுது!”

பச்சை பூத்திருந்த செம்புக் கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, டேப் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்துக் கட்டினாள். இறங்கும்போது இரண்டே முக்கால்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பிரான்சுக்குப் போய்வர இப்போது முக்கால் நொடிதான். எதிரி வந்தான், சுட்டாள். குண்டு வெறும் மணலில் விழுந்தது. நான்கு முறை சுட்டும் நான்கும் மணலில்தான்.

திரையில் ஜான்-போல் எழுதினான்: “வேதா, யாரைச் சுடுறே? மணல் மேல என்ன கோபம்?”

அவளுக்குப் புரிந்தது. கை இன்னும் மூன்று டாங்கி நீளம் முன்னாலேயே குறிவைக்கிறது.

“கம்பி காஞ்சிருச்சு, உன் கைக்கு இன்னும் மழை விடலை” என்றான் நீலமேகம், தலையைத் துவட்டியபடி.

மூன்று நீளத்தை ஒன்றாகக் குறைத்தாள். ஐந்தாவது குண்டில் எதிரியின் டாங்கி புகைந்தது. வேதநாயகி போட்ட கூச்சலில் நீலமேகம் துண்டைக் கீழே போட்டான்.

நாற்பது நிமிடம் இணைப்பு ஒருமுறைகூட அறுந்து போகவில்லை. இரண்டு டாங்கி வித்தியாசத்தில் அணி வென்றது.

“உன் இடம் உனக்குத்தான்” என்று எழுதினான் ஜான்-போல். “ஆனா இனிமே தப்பா சுட்டா கம்பியைச் சாக்குச் சொல்ல முடியாது, தெரியும்ல?”

“தெரியும். இன்னிக்கு மணல்ல விழுந்த அந்த நாலு குண்டும் என்னுடையதுதான்” என்று தட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டாள்.