ரொட்டிக்கடை நோல்வென்

வரிசையில் நிற்பவர் வாயைத் திறக்குமுன்பே நோல்வென்னின் கை ரொட்டியை எடுத்துவிடும். நன்றாகச் சிவந்தது தபால்காரி மாயாவுக்கு, மெத்தென்றது கிழ மீனவர் கெமெனேருக்கு.

“நேத்து நீ குடுத்த ரொட்டில என் பல்லே போச்சு,” என்பார் அவர்.

“இருந்தாத்தானே போறதுக்கு,” என்பாள், தாளைச் சுற்றியபடி.

இருபத்து நான்கு வயது. பிரான்சின் கொன்கார்னோ துறைமுகத்தைப் பார்த்த அந்தக் கடையில் பள்ளி முடித்ததிலிருந்து நிற்கிறாள். கன்னத்தில் ஒட்டும் மாவைத் தோளால் துடைத்துக்கொள்வாள். சொந்தக் கதை பேசமாட்டாள். எதைக் கேட்டாலும் “அதெல்லாம் ஒண்ணுமில்ல”. மணிக்கட்டில் கன்றியிருந்ததை முதலாளி மதாம் கெர்வெல்லா கேட்டபோதும் அதே பதில்தான்.

அது அவளோடு சேர்ந்து வாழ்ந்த லொயிக் முறுக்கிய கை. அவனை விட்டுவிட்டுத் தங்கையின் அறைக்கு அவள் வந்ததிலிருந்து, தினமும் காலையில் ரொட்டி வாங்க வருகிறான். ரொட்டி வாங்க வருபவனை யார் தடுப்பது? குரலை உயர்த்தமாட்டான். “எவ்வளவு மரியாதையான பையன்,” என்பாள் கெர்வெல்லா. கதவு மணி ஒலிக்கும்போதெல்லாம் நோல்வென்னின் கண் வாசலுக்குப் போகும்.

சனிக்கிழமை வரிசை தெருவரை நீண்டிருந்தது. அவள் நீட்டிய ரொட்டியை வாங்காமல் லொயிக் விற்பனைப் பலகைமேல் குனிந்தான்.

“உன் தங்கச்சி வேலை முடிஞ்சு எந்த வழியா வருவாள்னு எனக்குத் தெரியும். அடம் பிடிக்காம வீட்டுக்கு வா.”

தன்னை என்ன சொன்னாலும் பொறுத்திருந்தவள் அவள். ரொட்டியைக் கீழே வைத்தாள்.

“இப்ப சொன்னதைச் சத்தமாச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

“என்ன ஆச்சு உனக்கு?” அவன் சிரிக்கப் பார்த்தான்.

“அப்ப நான் சொல்றேன். என் கையை முறுக்கினவன் இவன்தான். இப்போ என் தங்கச்சியைச் சொல்லி மிரட்டுறான். இனிமே இந்தக் கடைக்கு வராத, லொயிக்.”



“மதாம், நீங்களாவது சொல்லுங்க. கடை இவளோடதா?” என்று அவன் கெர்வெல்லாவிடம் திரும்பினான்.

கெர்வெல்லாவின் முகம் வெளுத்திருந்தது. கல்லாவை விட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

“இல்ல, என்னோடது. அவ சொன்னதையேதான் நானும் சொல்றேன். கிளம்பு.”

வெளியே போனவன் கண்ணாடிக்கு அப்பால் நின்று உள்ளே முறைத்தான். வரிசையில் நின்ற மாயா போலீசை அழைக்கப் போனை எடுத்த பிறகுதான் நகர்ந்தான்.

வாடிக்கையாளர் முன்னால் சாப்பிடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அவன் வாங்காமல் விட்ட ரொட்டியை நோல்வென் எடுத்தாள். நுனியை ஒடித்து வாயில் போட்டு, வரிசையைப் பார்த்தபடியே மென்றாள்.