மெத்தைக்காரர் கேட்ட பெஞ்ச்

பெஞ்சில் உட்காருவதற்கு முன் அதன் பலகையை முஷ்டியால் அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். பிறகு உட்கார்ந்து, இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்தே விடுவார். பூங்காவில் நடக்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். இவர் யாரோ, எனக்குத் தெரியாது என்ற முகத்தோடு நான் சற்றுத் தள்ளி நிற்பேன். அந்த முகம் ஒரு நாளும் பலித்ததில்லை. படுத்த வாக்கிலேயே கூப்பிடுவார்.

“சகலை, நீங்க ஒரு தடவ உக்காருங்க. நீங்க உக்காந்து தாங்கிட்டா ஊர்ல யாரு வேணாலும் உக்காரலாம்.”

அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை. இந்த உறவில் எனக்கு ஒரு சகலை கிடைத்தார்; அவருக்கு ஒரு எடைக்கல் கிடைத்தது.

அவர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். நீளமான, ஒடுக்கமான கடை. சுவரோரம் மெத்தைகள் நிமிர்ந்து நிற்கும். உள்ளே திரை போட்ட ஒரு மூலையில் கட்டில். படுத்துப் பார்க்காமல் யாரும் அங்கே மெத்தை வாங்கிவிட முடியாது. “வெக்கப்படாதீங்க, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இங்க படுத்து எந்திரிச்சவங்கதான்” என்று சொல்லித் திரையை இழுத்துவிடுவார். சிலர் நிஜமாகவே தூங்கிவிடுவார்கள். எழுப்ப மாட்டார். விற்ற மெத்தையை வண்டியில் ஏற்றும்போது மட்டும் ஒன்று செய்வார்: அதன் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு. வெளியூர் கிளம்புகிற பிள்ளையின் முதுகில் தட்டுகிற மாதிரி. அதன் பிறகு அந்த மெத்தையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

புதுச் சரக்கு வந்தால் எனக்கு அழைப்பு வரும். நான் எழுதிய புத்தகங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர்களிடம் “நம்ம வீட்டு ஆளு, ரொம்பக் கனமானவர்” என்றுதான் அறிமுகப்படுத்துவார். முதல் முறை என் எழுத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் நெகிழ்ந்துபோனேன். அடுத்த நிமிடம் என்னை ஸ்பிரிங் மெத்தையின் ஓரத்தில் உட்காரவைத்து, “பாத்தீங்களா, சரியவே இல்ல” என்றார்.

கடையை விட்டால் அவருக்குப் பூங்கா. மாதம் ஒருமுறை பூங்காத் துறை கூட்டுகிற பொதுமக்கள் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி அவருடையது. குழந்தைகள் எட்டிக் குடிக்கிற உயரத்தில் ஒரு குழாய், கடை மூடிவிட்டு வருகிறவர்களுக்கு இரவுப் பூப்பந்து, ஆண்களுக்குத் தையல் வகுப்பு என்று ஏதாவது ஒன்றோடு எழுந்து நிற்பார். தையல் வகுப்பை ஆரம்பித்தார்கள். சேர்ந்தவர்கள் அவரும் நானும். நான் என் சட்டையையே மேசை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.

பெரியவர்களுக்கும் ஒரு சறுக்குமரம் வேண்டும் என்று ஒரு மாதம் அவருக்குத் தோன்றியது. சொல்வதற்கு முன் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வழக்கமாயிற்றே. குழந்தைகளின் சறுக்கில் ஏறி உட்கார்ந்தார், பாதியில் சிக்கிக்கொண்டார். மேலே பிள்ளைகள் வரிசையில் நின்று கத்த, கீழே நான் அவர் கால்களைப் பிடித்து இழுத்தேன். அன்று மாலையே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரித்தார். தன்னைப் பற்றிய கேலியைப் பிறருக்கு மிச்சம் வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆனால் அவர் பேர் கெட்டது பெஞ்ச் விஷயத்தில்தான். குளத்தங்கரைக்குப் புதுப் பெஞ்சுகள் போடப்போகிறார்கள் என்றதும், முதுகுப் பலகை எவ்வளவு சாய வேண்டும், உட்காரும் பலகை எவ்வளவு குழிய வேண்டும் என்று கூட்டத்தில் வகுப்பே எடுத்தார். துறையும் நம்பி அப்படியே செய்தது. ஊரே வந்து தூங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த அலுவலகக்காரர்கள் திரும்பிப் போகவில்லை. தபால்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். காவலாளி எழுப்பி எழுப்பித் தொண்டை கட்டிப்போய் விடுப்பு எடுத்தார். உட்கார இடமில்லை என்று புகார் குவிந்ததும் பெஞ்சுகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“என் கடையில படுக்காதவன் எல்லாம் அங்க போய்ப் படுத்தான். எனக்கு நானே போட்டிக் கடை வச்சுக்கிட்டேன் சகலை” என்றார். அதிலிருந்து அவர் வாயில் பெஞ்ச் என்ற சொல் வந்தாலே கூட்டம் சிரித்துவிடும்.

அப்படிச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு உண்மையாகவே ஒரு பெஞ்ச் தேவைப்பட்டது.

பூங்காவின் மேட்டு உச்சியில் ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே மாலையில் கூட்டுப்பாட்டு வகுப்பு. அண்ணி, அதாவது அவர் மனைவி, அதில் பல வருடமாகப் பாடியவர். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு பாதி மேடு ஏறும்போதே கால் நடுங்கத் தொடங்கியது. நின்று இளைப்பாற அந்தப் பாதையில் ஒரு கல் கூடக் கிடையாது. ஒருநாள் இவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். “என்ன இது, ஊர்வலமா?” என்று அண்ணி கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்தான். அதற்குப் பிறகு அண்ணி வகுப்புக்குப் போகவில்லை. கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தார். தைக்கும்போது எப்போதும் முணுமுணுக்கிற பாட்டும் நின்றுபோயிற்று.

“வீடு ரொம்ப அமைதியா இருக்கு சகலை. மெத்தக்கடைக்காரன் எனக்கே தூக்கம் வரல” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்தில் உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றேன்.

“சொந்தப் பொண்டாட்டிக்கு பெஞ்ச் கேக்குறான்னு என்னைச் சொன்னா சொல்லட்டும். அவளால ஏற முடியலன்னு நாலு பேர் முன்னாடி நான் சொல்லிட்டா, அப்புறம் தங்கத்துல பெஞ்ச் போட்டாலும் அவ வரமாட்டா.”

அந்த மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து, “மேட்டுப் பாதையில, பாதி வழியில, ஒரே ஒரு பெஞ்ச்” என்றார். அரங்கம் சிரித்தது. “தலகாணியும் சேத்துக் குடுத்துருங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவரும் கூடவே சிரித்தார். ஆனால் கையிலிருந்த சாவிக்கொத்தை விடாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

பூங்கா அதிகாரியம்மா பொறுமைசாலி. “அந்த இடத்துல பெஞ்ச் வேணும்னு வேற யாரும் கேக்கலையே. யாருக்கு வேணும்? ஒருத்தரச் சொல்லுங்க, பாக்கலாம்.”

எதற்கும் பதில் வைத்திருக்கிற சகலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்தேன்.

என்னிடம் ஒரு நல்ல உரை தயாராக இருந்தது. பொதுவெளியும் மனித மாண்பும் பற்றி. வீட்டில் கண்ணாடி முன் பேசிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் கூட்டம் மாடியில். தாமதமாக வந்து படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. “பொதுவெளி என்பது” என்றேன். மூச்சு வாங்கினேன். “மனிதனின்” என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரியம்மா பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார்.

“ஐயா, மொதல்ல உக்காருங்க.”

அந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்தது. “நான்தாங்க. எனக்குத்தான் அந்த பெஞ்ச் வேணும்” என்றேன்.

அரங்கமே என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. ஒருவராவது சந்தேகப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் படவில்லை. “ஆமாங்க, இவருக்குக் கட்டாயம் வேணும்” என்றது தலையணை கேட்ட அதே குரல். என் பொது வாழ்க்கையில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் இது ஒன்றுதான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: அதில் எவராவது தூங்கியதாகப் புகார் வந்தால் மறுநாளே எடுத்துவிடுவார்கள்.

ஆயுள் முழுக்கப் பிறர் முதுகைச் சொகுசாக வைத்திருந்த மனிதர், தச்சரிடம் நின்று நேர்மாறாகப் பேசினார். “முதுகு நிமிந்தே இருக்கட்டும். பலக கொஞ்சம் குறுகலா இருக்கட்டும். மூச்சு வாங்குற வரைக்கும் உக்காந்தா போதும், கனவு காணுற வரைக்கும் வேண்டாம்.” பெஞ்ச் வந்த அன்று வழக்கம்போல் படுத்துப் பார்த்தார். படுத்த வேகத்தில் எழுந்தார். “அருமையா இருக்கு சகலை, முதுகு பிடிச்சிக்கிச்சு.”

அண்ணியிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டத்தில் நடந்ததை என் மனைவி சொல்லியிருக்கிறாள். மறுநாள் அண்ணி என்னைத் தேடி வந்தார்.

“உங்களுக்காக பெஞ்ச் போடுற அளவுக்கு முடியாம இருக்குதா தம்பி? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தனியா நடக்காதீங்க. நான் கூட வர்றேன்.”

அப்படித்தான் அண்ணி திரும்பப் பூங்காவுக்கு வந்தார், எனக்குத் துணையாக. தன் கால் நடுங்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்கு முடியல போல, கொஞ்சம் உக்காருவோம்” என்பார். மூச்சு வாங்குகிற மாதிரி நான் நடிக்க வேண்டும் என்பது சகலையின் உத்தரவு. நடிக்கும் அவசியமே வரவில்லை. இருவரும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். சகலை சற்றுப் பின்னால், பூச்செடிகளை ஆராய்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். பூங்காவின் எந்தச் செடிக்கும் அவருக்குப் பெயர் தெரியாது. பிறகு அண்ணி மேலே போவார். கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து பாட்டு இறங்கி வரும். அதில் அண்ணியின் குரலைப் பிரித்துக் கேட்க எனக்கு வராது. சகலைக்கு வரும். “இந்தா, இப்ப பாடுறா பாருங்க” என்பார்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. நேற்று மாலை மூவரும் மேடு ஏறினோம். பெஞ்ச் வந்ததும் நான் வழக்கம்போல் உட்கார்ந்தேன். அண்ணி உட்காரவில்லை. “நீங்க ஆற அமர வாங்க தம்பி. எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு” என்று நிற்காமலே சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

சகலை பெஞ்ச் அருகே நின்று, திருப்பத்தில் அண்ணி மறைகிற வரை பார்த்தார். உட்காரப்போகிறார் என்று நினைத்து நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் குனிந்து, காலியாக இருந்த அந்தப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் மேடு ஏறினார்.