செத்தவர்களுக்கு நடை பழக்கியவர்

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், ஒரு பல் மருத்துவமனைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது டெபோராவின் பிசியோதெரபி நிலையம். இருபத்தேழு வருடங்களாக அவர் செய்துவருவது ஒரே வேலைதான்: விழுந்தவர்களை மறுபடி நடக்க வைப்பது. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பைக்கில் போய் முழங்காலை உடைத்துக்கொண்ட கல்லூரி மாணவர்கள் என்று தினமும் இருபது பேராவது வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே வந்திருப்பது யார், இன்று அவருக்கு வலி எப்படி என்று டெபோரா சொல்லிவிடுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. அவரோ, தான் டாக்டர் இல்லை என்று சளைக்காமல் திருத்திக்கொண்டே இருப்பார்.

போன வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில், சிவசண்முகம் அவரைத் தேடி வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர். சென்னையில் பன்னிரண்டு வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, முப்பத்தெட்டாம் வயதில் முதல் படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைத்து ஊருக்கு வந்திருந்தார். அவருடைய அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தபின் நடக்க வைத்தது டெபோராதான். அந்தப் பழக்கத்தில் வந்தவர், காப்பி குடித்து முடிக்கும்வரை விஷயத்தைச் சொல்லவில்லை.

எடுக்கப்போவது ஜாம்பி படம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓடாமல் கிடக்கும் ஒரு பழைய ரைஸ் மில்தான் கதை நடக்கும் இடம். ஊரெல்லாம் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். பதினோரு பேர் மட்டும் மில்லுக்குள் அடைபட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது கதை. ஒத்திகை பார்த்ததில் பெரிய சிக்கல் வந்திருந்தது. சிவசண்முகம் போனில் காட்டினார். செத்தவர்களாக நடிக்க வந்தவர்களில் ஒருவர் குடித்தவர் மாதிரி தள்ளாடினார், ஒருவர் சாமியாடினார், ஒருவர் தோளைக் கோணலாக வைத்துக்கொண்டு நொண்டினார். படம்பிடித்தவரே சிரித்தது அதில் கேட்டது.

“உங்ககிட்ட வாரவங்க நடக்கதை ஒரு நாள் உக்காந்து பாத்துக்கிடுதோம்க்கா. அதை அப்படியே அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாப் போதும்” என்றார் சிவசண்முகம்.

டெபோரா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பக்கவாதம் வந்த பிறகு ஒரு வருடம் ஆலயத்துக்கே போகாமல் இருந்த தன் நோயாளி கிரேஸ் டீச்சரின் நினைவு அவருக்கு வந்தது. ஆலயத்தில் நடுப்பாதை வழியே நடந்து போனபோது பின்னால் யாரோ சிரித்தார்கள் என்பதுதான் காரணம். சிரித்தது டீச்சரைப் பார்த்துத்தானா என்றுகூட யாருக்கும் தெரியாது.

“எங்கிட்ட வாரவங்க நடையைப் பாத்து ஊரு பயப்படணும். அதான தம்பி ஒனக்கு வேணும்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே சிவசண்முகத்துக்கு எழுந்து போவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

ஆனால் விஷயம் டெபோராவை விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் மெர்வினிடம் சொல்லி, செத்தவர்கள் நடக்கிற மூன்று வெளிநாட்டுப் படங்களை வரிசையாகப் பார்த்தார். மெர்வின் கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தப் படமானாலும் பார்ப்பார், பாதியில் தூங்குவார். டெபோரா சத்தத்தை அணைத்துவிட்டுக் கால்களை மட்டும் பார்த்தார். மூன்றிலும் தன்னுடைய நோயாளிகள்தான் நடந்தார்கள். காலை அரைவட்டமாக வீசுவது, பாதத்தைத் தேய்ப்பது, கையை மடக்கி மார்போடு வைத்துக்கொள்வது. பார்த்து முடித்தபோது பயத்தைவிட எரிச்சல்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆவுடைநாயகம் வந்தார். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், வயது எழுபத்தொன்று. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். வாசல் நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன் அவர் நின்றார். படியைப் பார்த்தார். வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகுதான் காலை எடுத்தார். ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். அன்று டெபோரா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிதரின் ஒவ்வோர் அடியிலும், விழுந்துவிடக் கூடாது என்ற கவனம் இருந்தது. செத்தவனுக்கு அந்தக் கவனம் எதற்கு?

சிவசண்முகத்தைப் போனில் கூப்பிட்டார். சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் படத்தில் செத்தவர் ஒருவர்கூட நொண்டக் கூடாது என்றார்.

பயிற்சி மில்லின் களத்தில் பத்து நாள் நடந்தது. ஒரு காலத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்ட அகலமான சிமெண்ட் களம். வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். கல்லூரி மாணவர்கள், தையல் கடைப் பெண்கள், பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் வன்னியராஜ் என்று எல்லோரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். டெபோரா அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. இருந்ததை மறக்கச் சொன்னார். தரையைப் பார்க்காதீர்கள். மேடு வந்தால் வேகத்தைக் குறைக்காதீர்கள். சுவர் வந்தால் முட்டுங்கள், முட்டிய பிறகும் நடங்கள். தடுக்கினால் கையை ஊன்றாதீர்கள்.

கடைசியில் சொன்னதுதான் யாருக்கும் வரவில்லை. தடித்த மெத்தைகளை விரித்து விழச் சொன்னால், எல்லோருடைய கையும் தானாக முன்னால் போய் நின்றது. ஆறாம் நாள்தான் ஒரு மாணவன், நின்றவாக்கில் கதவு சாய்வது போல் விழுந்தான். ஒன்பதாம் நாள் நாற்பத்து மூன்று பேரும் மேக்கப் எதுவும் இல்லாமல், நல்ல வெயிலில், நேராக, சீராக, எதையும் பார்க்காமல் களத்தின் குறுக்கே நடந்து வந்தார்கள். மில் காவலாளி எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம் டெபோரா நிலையத்தில் கதையாகச் சொல்வதுண்டு. ஆவுடைநாயகம் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்: “ஓடத் தெரிஞ்சவன் மட்டுந்தான் பிழைப்பானாம்மா? என்னைய மாதிரி ஒருத்தன் அந்த மில்லுக்குள்ள மாட்டிக்கிட்டா என்ன செய்வான்னு அந்த டைரக்டர்ட்ட கேளு.”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது டெபோராவுக்குப் புரிந்தது. அப்படியே சிவசண்முகத்திடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவர் புதிய பக்கங்களை எழுதிக்கொண்டு நேரே ஆவுடைநாயகத்தின் வீட்டுக்கே போய்விட்டார். மில்லின் பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் குடோனில் தனியாக மாட்டிக்கொள்கிறார். செத்தவர்கள் சத்தத்தையும் வேகத்தையும்தான் துரத்துவார்கள். களத்தில் ஓடிய மூன்று பேர் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டார்கள். இவர் வாக்கரோடு, அந்தக் கூட்டத்தின் நடுவே களத்தைக் கடந்து மில்லுக்குள் போக வேண்டும்.

ஆவுடைநாயகத்தின் மனைவி வடிவம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றார். வாய் கோணியதைப் பெரிய திரையில் காட்டப்போகிறார்களா என்றார். கடைசியில், தானும் வருவதென்றால் போகட்டும் என்று, வெந்நீர்ப் பிளாஸ்க்கும் குடையுமாகக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

மார்ச் மாதத்தில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். அறுபதடி தூரம். டெபோரா கேமராவுக்குப் படாமல் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். முதல் இரண்டு தடவை, ஆவுடைநாயகம் வேகமாகப் போவதாகச் சிவசண்முகம் நிறுத்திவிட்டார். “பைய வாங்க அண்ணாச்சி. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி” என்றார்.

மூன்றாவது தடவை பாதித் தூரம் வந்தபோது, வாக்கரின் ஒரு கால் சிமெண்ட் வெடிப்பில் சிக்கியது. ஆவுடைநாயகம் சாய்ந்தார். டெபோரா ஓடுவதற்குள், பக்கத்தில் வெறித்த கண்ணோடு நடந்துகொண்டிருந்த வன்னியராஜின் கை சடாரென்று நீண்டு அவர் தோளைப் பிடித்துவிட்டது. விழவில்லை. வடிவம்மாள் குடையைப் போட்டுவிட்டு வந்து, கணவரின் முகத்தைத் துடைத்துவிட்டார். ஆவுடைநாயகத்துக்கு மூச்சு வாங்கியது; ஆனாலும் சிரித்தார்.

வன்னியராஜ்தான் குன்றிப்போனார். முகமெல்லாம் சாம்பல் பூச்சும் சிவப்புச் சாயமுமாக டெபோராவிடம் வந்து நின்று, “விழப்போறவரைப் பாத்துக்கிட்டு எப்படிக்கா சும்மா நடக்க?” என்றார். பத்து நாள் படித்ததெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம். அப்படிப் போனதே நல்லது என்று டெபோரா சொன்னார். நான்காவது தடவை காட்சி சரியாக வந்தது.

படம் நவம்பரில் வெளியானது. படத்தின் பெயர் மூன்று முறை மாறியிருந்தது; விளம்பரத்தில் இயக்குநரின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் ஒரு தியேட்டரில் மதியக் காட்சிக்கு டெபோராவும் மெர்வினும், ஆவுடைநாயகமும் வடிவம்மாளும் போனார்கள். பாதி அரங்கம் நிறைந்திருந்தது.

முதல் முக்கால் மணி நேரம் நன்றாகவே இருந்தது. வயல் வரப்பில் தூரத்தில் ஒருவர் நடந்து வருகிறார். வரப்பு வளைகிறது, அவர் வளையவில்லை, நேராகச் சேற்றுக்குள் இறங்கி அதே வேகத்தில் வருகிறார். அதற்குமேல் எதுவும் காட்டவில்லை. டெபோராவுக்குப் பின்வரிசையில் யாரோ “யம்மா” என்று முனகினார்கள். தான் சொல்லிக்கொடுத்த நடைக்குத் தானே பயந்ததை அவர் மெர்வினிடம் சொல்லவில்லை.

பிறகு களத்துக் காட்சி வந்தது. பின்னணி இசை நின்றுவிட்டது. வாக்கரின் ரப்பர் கால்கள் சிமெண்டில் படும் சத்தம் மட்டும் கேட்டது. செத்தவர்கள் எதையும் பார்க்காமல் போகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு மனிதர் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைக்கிறார். அரங்கத்தில் பாப்கார்ன் பொட்டலம்கூடச் சரசரக்கவில்லை. வாக்கர் சாய்கிறது. பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் கை அவரை நோக்கிப் பாய்கிறது. அரங்கமே அலறியது. அதே நொடியில் காட்சி வெட்டப்பட்டு, அடுத்ததில் அவர் நிமிர்ந்து, அந்தக் கையிலிருந்து நழுவித் தப்பியவராக நடந்துகொண்டிருந்தார். வீணானது என்று எல்லோரும் நினைத்த மூன்றாவது தடவையைச் சிவசண்முகம் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். படத்திலேயே எல்லோரையும் அதிகம் பயமுறுத்தியது, ஒரு பால் சொசைட்டிக்காரர் முதியவர் ஒருவரைத் தாங்கிய கைதான். டெபோராவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இடைவேளைக்குப் பிறகு படம் கைவிட்டுப் போயிற்று. கதாநாயகனுக்கு எங்கிருந்தோ துப்பாக்கி கிடைத்தது. செத்தவர்கள் கும்பல் கும்பலாக மறுபடி செத்தார்கள். நடுவில் ஒரு காதல் பாட்டு வந்தது, மெர்வின் தூங்கினார். முன்வரிசைகளில் போன் வெளிச்சங்கள் முளைத்தன. முடிவில் பெயர்கள் ஓடியபோது, டெபோராவின் பெயர் ‘நடனம்’ என்ற தலைப்பின்கீழ் மூன்றாவதாக வந்தது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் ‘நடனம்’ என்று சொல்லியே அவரைக் கேலி செய்தார்கள்.

வெளியே வரும்போது, கைப்பிடியைப் பிடித்து மெல்லப் படியிறங்கிய ஆவுடைநாயகத்தை இரண்டு இளைஞர்கள் அடையாளம் கண்டுகொண்டு, பிரமாதமாக நடித்ததாகவும், நிஜமாகவே பக்கவாதம் வந்தவர் போல இருந்ததாகவும் சொன்னார்கள். அவர் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். வடிவம்மாள் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். காருக்காகக் காத்திருந்தபோது ஆவுடைநாயகம் டெபோராவிடம் திரும்பி, “விழுந்த நாள்லேருந்து எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்காவ. வாயால ஒண்ணும் சொல்லமாட்டாவ, மொகத்துல தெரியும். அன்னைக்கு ஒருத்தன் இன்னும் பையப் போங்கன்னான் பாரு” என்றார்.

சிவசண்முகம் மறுவாரம் கூப்பிட்டார். படம் ஒன்பது நாள் ஓடியிருந்தது. உள்ளதைச் சொல்லுங்கக்கா என்றார்.

டெபோரா சொன்னார்: “மொதப் பாதியில உயிரோட இருக்கவங்க எல்லாரும் பயந்து பயந்து கால் வச்சாங்க. அவங்களோட சேந்து நாங்களும் பயந்தோம். பின்னால ஒன் கதாநாயகன் பயமே இல்லாம நடக்கான் தம்பி. செத்தவங்களுக்கும் அவனுக்கும் நடையில வித்தியாசமே இல்ல. அப்புறம் எங்களுக்கு என்ன பயம்?”

சிவசண்முகம், தயாரிப்பாளர் துப்பாக்கி கேட்டபோது மறுத்துப் பேசத் தனக்கு இந்த வார்த்தை கிடைக்கவில்லை என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. அம்மாவுக்கு இன்னொரு மூட்டிலும் வலி ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். புதன்கிழமை கூட்டிவரும்படி டெபோரா சொல்லி வைத்தார்.

டிசம்பரில் ஆவுடைநாயகம், வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறலாமா என்று கேட்டார். டெபோரா இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார். பத்தே நாளில் வடிவம்மாள் தனியாகப் போன் செய்து, மனிதர் வீட்டுக் கூடத்தில் குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் நடந்து பார்க்கிறார் என்று புகார் சொன்னார். அடுத்த முறை அவர் வந்தபோது டெபோரா நன்றாகத் திட்டினார். குடைக்கம்பு வழுக்கும், உயரமும் போதாது, விழுந்தால் இடுப்பு போய்விடும் என்றார். ஆவுடைநாயகம் சுவரில் தொங்கும் எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டி முடித்த பிறகு டெபோரா இழுப்பறையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, அவரை நேராக நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரைக்கும் அளந்து, ஊன்றுகோலுக்கான அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.